மைனஸ் நாற்பது

வெள்ளவத்தை மார்க்கெட்டைத் தாண்டும்போது
டாஷ்போர்டில் ஒரு பனிப்பூ முளைத்தது.
வெளியே மைனஸ் நாற்பது என்றது கார்.
சித்திரை மாதம், காலை ஏழே முக்கால்.
முன்னால் போன நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில்
மிதிபலகையில் தொங்கியவனின் முதுகோடு
சட்டை இரண்டாம் தோலாய் ஒட்டிக் கிடந்தது.

உடனே அவள் பேசினாள், யப்பான் மொழியில்.
ஆறு வருடமாய்ப் பழகிய குரல்.
திறப்பைத் திருப்பியதும் தினமும் ஏதோ வாழ்த்துவாள்,
"சரி, சரி" என்றுவிட்டு கியரைப் போடுவேன்.
இன்றைக்கு வேறு தொனி.
கவனம், றோட்டு வழுக்கும் என்கிறாள் என்பது
மொழி தெரியாமலே தெரிந்தது.

பிறகு ஏசி நின்றது.

தெஹிவளையில் ஏறி, பாதிப் பெற்றோல் காசு தருகிற நிலூக்கா
கந்தோர் ஃபைலால் விசிறிக்கொண்டே
தன் அரைத் தமிழில் சொன்னாள்:
"அக்கா, உங்கட காருக்குக் காய்ச்சல்."

காய்ச்சல் இல்லை, குளிர் என்றார்
பஞ்சிகாவத்தையில் முனவ்வர்.
"முன் பம்பருக்குள்ள ஒரு சென்சர், மிஸ்.
வயரை எலி கடிச்சிருக்கு.
வயர் அறுந்தா மைனஸ் நாப்பதுதான் காட்டும்.
இந்தக் குளிருக்குள்ள ஏசி எதுக்கு எண்டு
அது பாவம், யோசிக்குது."

காரைத் தூக்கி வைத்து டோர்ச் அடித்துக் காட்டினார்.
அடிவயிறு முழுக்கச் செம்பொரி.
கடற்காற்று என்றேன். காலி முகத்தின் உப்பு.
இல்லையாம்.
பனி உருகுவதற்கு றோட்டில் கொட்டுகிற உப்பாம்.
"இது வடக்குப் பக்கத்து வண்டி" என்றார்.
வடக்கு என்றதும் அடையாள அட்டையைத் தேடுகிற கை
ஒரு கணம் கைப்பைக்குப் போய்த் திரும்பியது.
அவர் சொன்னது அவர்களுடைய வடக்கை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
கார் நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கியருக்குப் பக்கத்தில் பனிப்பூ போட்ட ஒரு பட்டன்.
வாங்கிய வருடம் அதைக் குளிர்காற்றுக்கு என்று நம்பி
மூன்று மாதம் அழுத்தியபடி ஓடினேன்.
வண்டி ஏன் கன்றீன்ற மாடு போல எழும்புகிறது என்று
ஊரெல்லாம் கேட்டேன்.
மிதியடியில் என் குதிக்குப் பொருந்தாத ஒரு குழி.
பெரிய பாதக்காரர்.
இருட்டோடு எழும்பிக் கண்ணாடியைச் சுரண்டி,
வேலைக்குப் பிந்தி,
பிரேக்கைத் தொட்டுத் தொட்டு
வெள்ளைக்குள் வழி தேடிய யாரோ.

சென்சர் வியாழக்கிழமைதான் வரும்.

புதன் பின்னேரம் மழை பிடித்தது.
ஆமர் வீதியில் முழங்கால் தண்ணீர்,
மூன்று ஓட்டோ மிதப்பும் இல்லை நடப்பும் இல்லை.
ஏசி இல்லாத காருக்குள் எங்கள் இரண்டு பேரின் மூச்சும்
கண்ணாடியில் படிந்து படிந்து
முன்னால் ஒன்றுமில்லை.
வெள்ளை. பின்னாலும் வெள்ளை.
பிரேக் லைட்டுகள் சிவப்பாய்க் கரைந்து ஒழுகின.
நிலூக்கா தன் வங்கிக் கார்டால் சுரண்டினாள்,
நான் உள்ளங்கையால்.
ஒரு தோசை அளவு தெளிவு கிடைத்தது.
அதற்குள்ளால் பார்த்தபடி
அந்தப் பட்டனை அழுத்தினேன்.
கார் பெரிய பாதம் வைத்ததைப் போல
மெல்ல எழும்பி
மெல்லப் போனது. இழுக்கவில்லை, உதறவில்லை.
பின்னால் ஒரு வான்காரன் ஹோர்னில் கையை எடுக்கவேயில்லை.

அவள் மறுபடி சொன்னாள், அதே எச்சரிக்கை.
"ஓம், பார்த்துத்தான் போறன்" என்றேன்.
நிலூக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை,
கார்டைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

வியாழன், வயர் பூட்டியாயிற்று.
முப்பத்திரண்டு டிகிரி.
முனவ்வரின் பில்லில்
எலி வலை ஒன்று, வயர் ஒரு முழம்,
அதற்குக் கீழே கோணல் எழுத்தில்:
குளிர் எடுத்தது, ஆயிரத்து ஐந்நூறு.